அமெரிக்கக் கேள்வித்தாள் தாம்பரத்தில் அவுட்

மேற்கு தாம்பரம்,
5.6.1994

அன்பு மகள் காந்திமதிக்கு,

உன் அப்பா ரத்தினம் மனம் நிறைந்த ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும், கத்திரி முடிந்தும் போக மனமில்லாத வெயிலும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது உன் அம்மா முணுமுணுக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா? விடாவிட்டால் அந்த ஊர் மருந்தை நிறுத்திவிட்டு மிளகு ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்கிறாள்.

நிற்க. "ஜூலை மாதம் எனக்கு அமெரிக்கக் குடியுரிமைக்காக ஒரு சின்னப் பரீட்சை இருக்கிறது அப்பா, கொஞ்சம் இங்கிலீஷ் எழுதப் படிக்கச் சொல்வார்கள், அந்த நாட்டு அரசாங்கத்தைப் பற்றி வாய்மொழியாகக் கேள்வி கேட்பார்கள், பாஸாகிவிட்டால் பிறகு உங்கள் இரண்டு பேரையும் இங்கேயே கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்று நீ போகிறபோக்கில் நாலு வரி எழுதிவிட்டாய். பரீட்சையில் சின்னது ஏது, பெரியது ஏது? ஒன்பதாவது முழுப்பரீட்சைக்கு முதல் நாள் உனக்கு அடித்த ஜுரத்தில் நெற்றியில் போட்ட ஈரத்துணி அப்பளம்போல் காய்ந்துபோனதை நான் மறக்கவில்லை. பிளஸ் டூ இங்கிலீஷ் பேப்பர் எழுதிவிட்டு வந்து "எல்லாம் ஈஸிப்பா" என்று சொன்னாய், மார்க் வந்தபோது தட்டித் தடவிக் கரையேறியிருந்தாய், அதையும் மறக்கவில்லை. அதனால்தான் உடனே போர்ஷன் என்ன என்று கேட்டு எழுதினேன். நீயும் அடுத்த வீட்டு சுவிசேஷமுத்து சாரின் பையன் அங்கிருந்து லீவுக்கு வந்தபோது அவன் கையில் ஒரு கவர் கொடுத்தனுப்பினாய். அந்தக் கவரால் இந்தத் தெருவில் நடந்ததை எழுதத்தான் இந்தக் கடிதம்.

கவரைப் பிரித்தால் உள்ளே நூறு கேள்வி, ஜெராக்ஸ். அதுவரைக்கும் சரி. கேள்விக்குக் கீழேயே பதிலும் இருந்தது. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவே இத்தனை வருஷம் மின்சார ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், ஒரு காகிதத்தைப் பார்த்தால் அது நேர்வழியில் வந்ததா குறுக்குவழியில் வந்ததா என்று எனக்குத் தெரியும், இது நேர்வழி இல்லை என்று தோன்றியது. இருந்தாலும் படித்தவர் ஒருவரைக் கேட்போம் என்று, பின்தெருவில் மாடியில் டியூஷன் நடத்துகிறாரே கஸ்தூரிரங்கன் மாஸ்டர், உனக்குச் சரித்திரம் எடுத்தவர், அவரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார், எழுந்து போய் வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரத்தினம் சார், இது கேள்வித்தாள் அவுட்!" என்றார். "எத்தனை பப்ளிக் எக்ஸாம் பாத்தவன் நான். பரீட்சைக்கு ஒரு மாசம் முன்னாடி கேள்வி பதிலோட கைல வந்தா அதுக்குப் பேரு என்ன? பொண்ணு எங்கேர்ந்து வாங்கினா?"

"அவ அப்படிப்பட்டவ இல்ல சார்" என்றேன். உன் அம்மா அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள். சாத்திய கதவுக்கு வெளியே, முழங்கால் வலிக்கார மாஸ்டரைத் திருப்பி அழைத்துப்போக ஆட்டோ வைத்துக்கொண்டு மாரி நின்றுகொண்டிருந்ததை நாங்கள் மூன்று பேருமே மறந்துவிட்டோம். மாரியின் காதில் விழுந்த செய்தி தாம்பரம் ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போக எவ்வளவு நேரமாகும் என்பது உனக்கே தெரியும்.

மறுநாள் காலையில் பால் காய்வதற்குள் வாசலில் மாரி. "இன்னா சார், அமெரிக்கா கொஸ்டின் பேப்பர் அவுட்டாயிட்ச்சாமே? நம்ம மச்சானுக்கு ஒரு காப்பி குடு சார். டென்த்து ஃபெயிலுதான், ஆனா மன்ப்பாடம் சூப்பரா பண்ணுவான்." நான் அப்படி எதுவும் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அடுத்து முடிச்சூர் ரோடு ஜெராக்ஸ் கடைக்காரர் வந்தார், காப்பி விற்கிற காசைப் பாதிப் பாதி போட்டுக்கொள்ளலாம் என்றார். பிறகு யார் யாரோ வந்தார்கள், எந்தக் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், வயசு வரம்பு என்ன, பி.காம். படித்தவர்கள் எழுதலாமா என்றெல்லாம் கேட்டார்கள். எனக்கு இருந்த ஒரே பயம், இந்தச் சத்தம் கடலைத் தாண்டிப் போய்விட்டால் பரீட்சையையே ரத்து செய்து உன்மேல் கேஸ் போட்டுவிடுவார்களே என்பதுதான். தெருவில் புதிதாக யார் பேன்ட் போட்டு வந்தாலும் அமெரிக்காக்காரன் அனுப்பிய ஆள் என்று நினைத்து உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன். உன் அம்மா மட்டும் அரிசி எடுக்கும்போதெல்லாம் அந்தக் காகிதத்தைத் தட்டி, தவிட்டை ஊதிவிட்டு, மறுபடி புதைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் சுவிசேஷமுத்து சாரே வந்துவிட்டார். அவர் மகன் அதற்குள் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விட்டிருந்தான். டிரம்மிலிருந்து காகிதத்தை எடுத்து அவரிடம் காட்டினோம். அவர் சிரித்த சிரிப்பில் காகிதத்தில் ஒட்டியிருந்த தவிடெல்லாம் பறந்தது. அது அந்த நாட்டு அரசாங்கமே அச்சுப்போட்டு எல்லோருக்கும் கொடுப்பதாம். கேள்வியும் அவர்களே, பதிலும் அவர்களே. இந்த நூறிலிருந்துதான் கேட்பார்களாம்.

எனக்குப் போன உயிர் வந்தது, ஆனால் மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இது பரீட்சையா சார்? பதிலையும் குடுத்துட்டுக் கேள்வி கேக்கறதுன்னா வாத்தியார் எதுக்கு? பரீட்சைன்னா ஒரு பயம் வேணாமா?" என்று தொழிலையே அவமானப்படுத்திவிட்டமாதிரி குமுறினார். உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்தே, "அதுக்கு இல்ல சார். பொண்ணு பாக்க வந்தவங்க முடிவு பண்ணிட்டு தான் வருவாங்க, சும்மா சாஸ்திரத்துக்குப் பாடத் தெரியுமாம்மான்னு கேப்பாங்க இல்ல? அது மாதிரி, நம்ம பொண்ண எடுத்துக்கறதா முடிவு பண்ணிட்டாங்க" என்றாள். சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனவள் ரொம்ப நேரம் திரும்பி வரவில்லை.

ஆனாலும் காந்தி, அரசாங்கம் எப்படியோ இருக்கட்டும், என் பெண் பரீட்சைக்குப் போகிறாள் என்றால் நான் கேள்வி கேட்டுப் பார்க்காமல் போகக்கூடாது. நீ சாப்பிட உட்கார்ந்தால்தான் நான் கேள்வி கேட்பேன், நீயும் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டே பதில் சொல்லுவாய், அது நம் வீட்டு வழக்கம். நீ இல்லாததால் உன் இடத்தில் உன் அம்மாவை உட்காரவைத்துத் தட்டில் சோற்றைப் போட்டுக் கேட்கத் தொடங்கினேன். மாஸ்டர் கோபமெல்லாம் மறந்து முக்கியமான கேள்விகளுக்கு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார். கொடியில் எத்தனை நட்சத்திரம், எத்தனை கோடு என்பதெல்லாம் உன் அம்மாவுக்கு இரண்டு நாளில் வந்துவிட்டது. யாரிடமிருந்து சுதந்திரம் வாங்கினார்கள் என்று கேட்டேன், இங்கிலாந்து என்று மாஸ்டர் சொன்னதும் "அட, அவங்களுக்கும் அவனால்தான் தொல்லையா" என்று முதல்தடவையாக அமெரிக்காமேல் அவளுக்கு ஒரு ஒட்டுதல் வந்தது.

வம்பு வந்தது ஜனாதிபதி கேள்வியில். "ஜனாதிபதி செத்துட்டா யாரு வருவாங்க?" என்று கேட்டேன்.

"அடுத்த ஆளு. துணை."

"ரெண்டு பேரும் செத்துட்டா?"

உன் அம்மா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டாள். "இன்னாங்க இது, நல்ல நாளும் அதுவுமா? அவங்க குடும்பத்துக்கு நல்லது பண்ணப் போற பொண்ணாண்ட ஒவ்வொருத்தரா செத்தா யாரு வருவான்னு கேக்கறாங்க? பரீட்சையா, கருமாதிப் பத்திரிகையா? நா சொல்ல மாட்டேன். அவளயும் சொல்ல வேணாம்னு எழுதுங்க." நான் எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் சபாநாயகர், நீ சொல்லிவிடு.

அதோடு நின்றதா? நீ நிரப்பிக் கொடுக்கவேண்டிய பாரத்தில், நீ குடிப்பழக்கம் உள்ளவளா, கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தாயா என்றெல்லாம் கேட்டிருப்பதாக சுவிசேஷமுத்து சார் வாய்தவறிச் சொல்லிவிட்டார். முதல் கேள்விக்கு உன் அம்மா அமெரிக்காவின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசிவிட்டாள், அதை இங்கே எழுத முடியாது. இரண்டாவதற்கு எனக்கே கொஞ்சம் கவலை. உன் சித்தப்பா அரிகிருஷ்ணன் எழுபத்து நாலு ரயில்வே ஸ்ட்ரைக்கில் கொடி பிடித்துக்கொண்டு முன்வரிசையில் போனான். நிழலுக்காகத்தான் பிடித்தேன் என்று இன்றைக்கும் சொல்கிறான். கேட்டால் மட்டும் சொல்லு, நீயாகச் சொல்லாதே.

உங்கள் ஊர் நிர்வாகத்துக்குத் தலைவர் யார் என்று ஒரு கேள்வி இருக்கிறது. மாஸ்டர் அதற்கு இரண்டு நட்சத்திரம் போட்டார். போட்டுவிட்டு, "அது சரி, நம்ம தாம்பரத்துக்கு யாரு சார்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. மாரியைக் கேட்டதற்கு, "எலெக்ஷனே வெக்கலியே சார், யாருன்னு சொல்றது? ஒரு ஆபீசர் கீறாரு, அவுரு பேரு அவுரு டிரைவருக்குத்தான் தெரியும்" என்றான். நாங்கள் மூன்று பேரும் தெருவிளக்கு எரியாத கம்பத்தடியில் நின்றுகொண்டு நீ இருக்கிற நியூ ஜெர்ஸியின் கவர்னர் பெயரைக் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தோம். அமெரிக்காக்காரன் வந்து எங்களைக் கேட்டால் நாங்கள் அவனுக்குக் குடிமக்கள் ஆகிவிடுவோம். இந்தியாவுக்கு யாராவது பரீட்சை வைத்தால் மேற்கு தாம்பரம் முழுக்க ஃபெயில்.

இப்படிப் பகலெல்லாம் கேள்வி பதிலாகவே போவதால் மத்தியானம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினால் அதே நினைவு. ஒருநாள் ஒரு கனவு வந்தது, எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன், எழுதிவிடுகிறேன். பீச்சிலிருந்து வருகிற வண்டி தாம்பரத்தில் நிற்காமல் போகிறது. யாரும் ஆச்சரியப்படவில்லை. பெருங்களத்தூர் போகிறது, வண்டலூர் வருகிறது, அங்கே மிருகக்காட்சிசாலையிலிருந்து மான்களெல்லாம் வந்து தண்டவாளத்தோரம் நின்று வண்டியைப் பார்க்கின்றன. அதற்கப்புறம் இரண்டு பக்கமும் தண்ணீர். மழை பெய்த மறுநாள் பள்ளிக்கரணை எப்படி இருக்கும், அப்படி, கரை தெரியாமல், வெள்ளை வெள்ளையாகப் பறவைகள் நின்றுகொண்டு, வெளிச்சம் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டு. சத்தமே இல்லை. நான் கருப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாக டிக்கெட் பார்த்துக்கொண்டே வருகிறேன். கடைசிப் பெட்டியில் ஜன்னலோரம் நீ, இரட்டைப் பின்னலும் கனகாம்பரமும். காற்றில் உன் தாவணி என் கைமேல் வந்து படுகிறது. டிக்கெட் என்று கையை நீட்டுகிறேன். நீ தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "உங்க டிக்கெட்டைக் காட்டுங்கப்பா" என்கிறாய். கோட்டுப் பையெல்லாம் தேடுகிறேன். ஒன்றும் இல்லை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிடுகிறேன் என்று உன்னிடம் சொல்கிறேன், ஆனால் தண்ணீருக்கு நடுவில் எந்த ஸ்டேஷனும் வரவில்லை. வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, எனக்கு இறங்கவும் மனசில்லை. விழித்தபோது உன் அம்மா காபியுடன் நின்றுகொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் முழுக்க எனக்குத் தரை லேசாக ஆடிக்கொண்டே இருந்தது.

அந்த மயக்கத்தைக் கலைத்தது கடைசிப் பக்கம். அதில் பாஸானவர்கள் கையைத் தூக்கிச் சொல்லவேண்டிய உறுதிமொழி இருந்தது. மாஸ்டர் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். இதுநாள்வரை எந்த அந்நிய அரசனுக்கோ நாட்டுக்கோ பிரஜையாக இருந்தேனோ, அந்த விசுவாசத்தை முற்றிலும் துறக்கிறேன் என்று வருகிறது.

"அந்நியம்னா யாரு சார்?" என்று கேட்டாள் உன் அம்மா.

"இந்தியாதாம்மா."

"அப்ப நாம?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் எதையும் ஒளிக்கத் தெரியாதவர், பிறகு மெதுவாக, இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட வேண்டும் என்றும், அதன்பிறகு நீ நம் வீட்டுக்கு வருவதென்றால் அங்கே ஆபீசில் வரிசையில் நின்று விசா வாங்கித்தான் வரமுடியும் என்றும் சொன்னார். வாசலில் நின்ற மாரிக்கே பொறுக்கவில்லை. உன் அம்மாவைக் காட்டி, "இன்னா சார் பேஜார் இது! கன்னியம்மாக்கா பொண்ணு கன்னியம்மாக்கா வூட்டுக்கு வர்றதுக்கு விசாவா?" என்றான். உன்னிடம் மறைத்து என்ன, எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. ரயில் வரும் நேரம்கூட இல்லை, ஸ்டேஷன் பக்கம் போய்விட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் பிள்ளையார் கோயிலுக்குப் போனேன். உன் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனைக்குக் கொடுத்தேன். அர்ச்சகர் எந்தப் பரீட்சை என்று கேட்டார், சொன்னேன். "பாஸாகணும், அவ்வளவுதானே வேண்டுதல்?" என்றார். நான் வாயைத் திறந்தேன், அந்த நேரம் பார்த்து யாரோ மணியை இழுத்துவிட்டார்கள். நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கே காதில் விழவில்லை. விபூதி இதனுடன் இருக்கிறது.

ஆனால் அதெல்லாம் என் பாடு. ஒரு வேலையில் இறங்கிவிட்டால் அரைகுறையாக விடக்கூடாது என்று நான்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன். நீ அங்கே காலூன்றி வாழ வேண்டும், மாப்பிள்ளைக்கும் பிள்ளைக்கும் அதுதான் நல்லது என்று எனக்கும் தெரியும். எனவே, கீழ்க்கண்டவற்றைத் தவறாமல் செய்யவும். முதல்நாள் கண்விழித்துப் படிக்காதே. காலையில் தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் போ. ஒரு வாக்கியம் இங்கிலீஷில் எழுதச் சொல்வார்களாம், அதற்காக எனக்குத் தெரிந்த நல்ல வாக்கியங்கள் சிலவற்றைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். "படிக்கட்டில் பயணம் செய்வது ஆபத்தானது" என்பதுபோல ரயில்வேயில் வருஷக்கணக்காகப் பயன்பட்டு வந்தவை, பிழை இருக்காது. ஒவ்வொன்றையும் பத்துத் தடவை எழுதிப் பார். அதிகாரி கேள்வி கேட்டால் டெலிபோனில் என்னிடம் சொல்கிறமாதிரி "யா" என்று சொல்லாதே, "எஸ் சார்" என்று சொல். ஒரு கேள்வியைக்கூட விடாதே. ரத்தினத்தின் மகள் சென்டம் வாங்கினாள் என்று அந்த அமெரிக்காக்காரன் அவன் பெண்டாட்டியிடம் போய்ச் சொல்லவேண்டும்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் எங்கள் இரண்டு பேருடைய ஆசிகள். நீண்ட ஆயுளும் நோயற்ற உடம்பும், எந்த மண்ணில் நின்றாலும் வழுக்காத காலும் உங்களுக்குக் கிடைக்கட்டும். மாஸ்டரும் சுவிசேஷமுத்து சாரும் மாரியும் விசாரித்ததாக எழுதச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
உன் வெற்றியை எதிர்பார்க்கும் அப்பா,
அ. ரத்தினம்

பி.கு.: கவரை ஒட்டப் போகும் நேரத்தில் சுவிசேஷமுத்து சார் மறுபடி வந்தார். நூறு கேள்வியையும் கேட்க மாட்டார்களாம், பத்துதான் கேட்பார்களாம், அதில் ஆறு சரியாகச் சொன்னால் பாஸாம். இதைக் கேட்டதும் உன் அம்மா என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன். ஆகையால் காந்தி, மேலே எழுதிய தயிர்சாதம், இங்கிலீஷ் வாக்கியம், சென்டம் எல்லாவற்றையும் விட்டுவிடு. ஐந்து கேள்விக்கு, நம் குடும்பத்துக்கும் கஸ்தூரிரங்கன் மாஸ்டருக்கும் கெட்டபெயர் வராதபடி பளிச்சென்று பதில் சொல். அதற்குமேல் கேட்கும்போது கொஞ்சம் யோசிக்கிறமாதிரி இருந்துவிட்டு, தெரியாது என்று சொல்லிவிடம்மா. மார்க் எவ்வளவு என்று இந்த ஒரு தடவை நான் கேட்க மாட்டேன். ஃபெயில் என்று தந்தி வந்தால் தெருவுக்கே லட்டு கொடுப்பேன். பாஸ் என்று வந்தாலும் கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் அன்றைக்கு அதை வீடுவீடாக உன் அம்மாதான் எடுத்துக்கொண்டு போகவேண்டும், எனக்கு முடியாது.